கடலூர் வீட்டுக்காரர்களுக்கு ஒரு குடித்தனக்காரியின் மடல்

கடலூரில் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

வணக்கம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. அதற்குள் ஐந்து வீடு மாறிவிட்டேன். வண்டிப்பாளையம், முதுநகர், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் என்று சுற்றி, இப்போது திருப்பாப்புலியூரில் குடியிருக்கிறேன். முதல் நான்கு வீட்டுக்காரர்கள் மேல் எனக்குப் பெரிதாக ஒரு குறையும் இல்லை. ஆணி அடிக்காதே, ஒன்பது மணிக்கு மேல் கேட்டைப் பூட்டிவிடுவோம், விருந்தாளி வந்தால் தண்ணீரைப் பார்த்துச் செலவழி என்பதெல்லாம் எந்த ஊரிலும் உள்ளதுதான். இந்த மடல் ஐந்தாவது வீட்டில் நடந்ததை வைத்து எழுதுவது. ஆனால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் எழுதுவதல்ல.

போன மே மாதம், கத்திரி வெயிலின் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டு ஃபேன் நின்றது. என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். (என் வீட்டுக்காரர் என்றால் என் புருஷன், வெறும் வீட்டுக்காரர் என்றால் நீங்கள். இந்தக் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை.) காலையில் வந்து படுத்தவர், வேர்த்துக் கொட்டி எழுந்திருக்கிறார். மாதாந்திரப் பராமரிப்பு போலிருக்கிறது, இரண்டு மணிக்கு வந்துவிடும் என்று நினைத்து, தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் பாயை விரித்துப் படுத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது. வெளியே போய்ப் பார்த்தால் மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் இல்லை.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டாராம்: "என்னப்பா, பில்லு கட்டலையா?"

அந்தக் கேள்விதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தெருவில் ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து வீடு வீடாக மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினோம். அப்போது யாரும் யாரையும் பார்த்துக் கூசவில்லை. இப்போது தெருவெல்லாம் வெளிச்சம், எங்கள் மூன்று குடித்தனத்தில் மட்டும் இல்லை. அதிலும் நாங்கள் பணம் கட்டியிருந்தோம்.

அந்த வீட்டின் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். கீழே இரண்டு போர்ஷன், மாடியில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ், ஒரே மீட்டர். உள்ளே போர்ஷனுக்கு ஒன்றாக சப் மீட்டர். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வாடகையோடு சேர்த்து, சப் மீட்டர் காட்டும் யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் ஜிபே செய்துவிட வேண்டும். வெளியே இருக்கும் பெரிய மீட்டருக்குக் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆக, எங்கள் பணம் முதலில் உங்கள் கைக்கு வருகிறது, கொஞ்ச நாள் அங்கே இருக்கிறது, பிறகுதான் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. அல்லது போகாமல் இருக்கிறது.

எங்கள் வீட்டில் போகவில்லை. வீட்டுக்காரப் பெரியவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நல்ல மனுஷர். ரீடிங் எடுத்த அன்றைக்கே போய்க் கட்டிவிட்டு வந்து அட்டையை எங்களிடம் காட்டுவார். அவருக்குப் பிறகு இரண்டு மகன்களுக்குள் பாகப் பிரச்சினை. வாடகையும் கரண்ட் காசும் சின்னவர் வாங்குகிறார். பில் கட்டுவது சென்னையில் இருக்கும் பெரியவர் பொறுப்பு என்று அவர்களுக்குள் பேச்சு. சர்வீஸ் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்ற வேண்டுமானால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசின் சம்மதமும் வேண்டும், அதற்கு இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பதிவான கைபேசி எண்ணும் அப்பாவுடையதே. எவ்வளவு பில், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்ற குறுஞ்செய்தியெல்லாம் அந்த எண்ணுக்குத்தான் அனுப்பப்பட்டிருக்கிறது. அந்த போன் பீரோவுக்குள் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது.

சின்னவருக்கு போன் செய்தேன். "அண்ணன்தானேக்கா கட்டணும், அவர்ட்ட கேளுங்க" என்றார். பெரியவரிடம் கேட்டால், "காசு வாங்குறவன் கட்டட்டும்மா, எனக்கு ஒரு பைசா வர்றதில்ல" என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்திருக்கலாம். அதை மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து தீர்த்துவைக்கும் பொறுமை எனக்கு இல்லை.

மாடியில் இருக்கும் தாத்தாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் பாட்டிலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் மெடிக்கல் ஷாப் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்தார். "நெய்வேலிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு மெழுகுவத்தி வாங்குறோம் பாரு" என்று சிரித்தார். எங்கள் வீட்டு மாவு அன்று மாலைக்குள் புளித்துப் பொங்கி வழிந்தது. என் சின்ன மகள் வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு இரவெல்லாம் தூங்கவில்லை. என் வீட்டுக்காரர் தூக்கமே இல்லாமல் மறுபடி நைட் ஷிப்டுக்குப் போனார். கெமிக்கல் கம்பெனியில் தூக்கமில்லாமல் வேலை பார்ப்பது எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மீட்டர் பெட்டியில் பெயிண்ட்டில் எழுதியிருந்த சர்வீஸ் நம்பரில் பாதி அழிந்திருந்தது. லைன்மேனைத் தேடிப் பிடித்து முழு எண்ணையும் வாங்கினோம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, பட்டியலில் இருந்த வீட்டில் அவர் வேலையைச் செய்தார். போனில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் 7,482 ரூபாய், அதன் மேல் தாமதக் கட்டணம், மறு இணைப்புக் கட்டணம். மூன்று குடித்தனமும் பங்கு போட்டுக் கட்டியபோது இரவு எட்டு மணி. சனிக்கிழமை மதியம் கரண்ட் வந்தது.

இனி கணக்கைப் பாருங்கள். அந்த இரண்டு மாதத்தில் எங்களுக்கு 340 யூனிட், பக்கத்துப் போர்ஷனுக்கு 410, மாடிக்கு 290. மொத்தம் 1,040 யூனிட். எட்டு ரூபாய் வீதம் நாங்கள் மூவரும் சின்னவருக்குக் கொடுத்தது 8,320 ரூபாய். பில்லை விட 838 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். பிறகு 7,482-ஐ இன்னொரு முறை கட்டினோம்.

இதிலே இன்னொன்றும் இருக்கிறது. 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது இணைப்புக்குத்தான், குடித்தனத்துக்கு இல்லை. மூன்று குடும்பத்தை ஒரே மீட்டரில் கட்டிப்போட்டால் 300 யூனிட்டாக வரவேண்டியது 100 ஆகிவிடுகிறது. அதோடு மொத்த யூனிட் 500-ஐத் தாண்டியதும் கட்டணம் மேல்படிக்கு ஏறிவிடுகிறது. நாங்கள் மூவரும் தனித்தனி மீட்டரில் இருந்திருந்தால் மூன்று பில்லையும் கூட்டினால்கூட நான்காயிரத்தைத் தொட்டிருக்காது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிற உங்களில் பலர், "எங்களுக்கே கட்டுப்படி ஆகல" என்று சொல்வது எல்லா வீட்டிலும் பொய்யாக இருக்காது என்று இப்போது எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டுப்படியாகாத நிலையை உண்டாக்கியது அந்த ஒற்றை மீட்டர். தனிக் குடித்தனத்துக்குத் தனி இணைப்பு கேட்க வழியிருக்கிறது. ஒருமுறை செலவு, ஒருமுறை அலைச்சல்.

தனித்தனி மீட்டர் இருந்தாலும் தப்பித்துவிட்டோம் என்று சொல்ல முடியவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் செம்மண்டலம் பக்கம் ஆறு வீடு கொண்ட ஒரு கட்டடத்தில் இருக்கிறாள். ஆறு வீட்டுக்கும் தனி மீட்டர், அவரவர் பில்லை அவரவர் கட்டுகிறார்கள். மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும் வீட்டுக்காரர் பெயரில் ஒரு காமன் சர்வீஸ். 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோது இந்தப் பொது இணைப்புகளைத் தனிப் பிரிவாக்கி, முதல் யூனிட்டிலிருந்தே காசு என்று ஆக்கினார்கள். அதிலிருந்து பல கட்டடங்களில் இந்த பில் யாருடையது என்ற பஞ்சாயத்து ஓய்ந்தபாடில்லை. அவர்கள் வீட்டுக்காரர் மெயின்டனன்ஸ் என்று வீட்டுக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு காமன் பில்லை விட்டுவிட்டார். ஆறு வீட்டிலும் ஃபேன் ஓடுகிறது, டிவி ஓடுகிறது, குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை. கீழ்த் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க, அதை மேலே ஏற்றும் மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. மூன்றாவது மாடிக்குக் குடம் தூக்கியே இடுப்பு பிடித்துக்கொண்டது என்று இரண்டு நாள் லீவு போட்டாள்.

தண்ணீர் வரி, பாதாளச் சாக்கடைக் கட்டணம், சொத்து வரி இவையும் உங்கள் பெயரில்தான். வருஷக் கணக்கில் பாக்கி வைத்தால் ஒருநாள் குழாய் இணைப்பைத் துண்டிக்க ஆள் வருவார்கள். வந்து நிற்பது நாங்கள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் வாசலில். கடல் ஓரத்துப் பக்கம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, சிப்காட் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த ஊரில் குழாய்த் தண்ணீர் போனால் மாற்று என்பது கேன் தண்ணீர்தான், அதற்கும் காசு எங்களுடையது.

உங்கள் பக்கமும் கொஞ்சம் தெரியும். நாலு மாத பில்லைப் பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகச் சாமான் ஏற்றிக்கொண்டு போன குடித்தனக்காரர் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் கரண்ட் காசை நீங்களே கையில் வாங்கிக் கட்டுகிறேன் என்கிறீர்கள். மஞ்சக்குப்பத்தில் நாங்கள் இருந்த வீட்டு அம்மாவும் அப்படித்தான் சொன்னார். தனியாளாக பென்ஷனில் இருந்தவர். ஆனால் அவர் கட்டிய மறுநாளே ரசீதின் நகல் ஒன்று எங்கள் கதவு இடுக்கில் இருக்கும். ஒருமுறை எட்டு ரூபாய் மீதி என்று சில்லறையை நூலில் கட்டி அதோடு வைத்திருந்தார். ஆறு வருஷம் அங்கே இருந்தோம். ஒருநாள்கூட அவரிடம் பில் கேட்டதில்லை.

இன்னொரு பயமும் உங்களுக்கு உண்டு. 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்களே, 2023 பிப்ரவரி வரை அது ஓடியது. அந்தப் படிவத்தில் நீங்கள் உரிமையாளரா, வாடகைதாரரா என்று ஒரு கேள்வி இருந்தது. குடித்தனக்காரன் ஆதாரைச் சேர்த்தால் நாளைக்கு வீடே தன்னுடையது என்பான் என்று தெருத்தெருவாகப் பேச்சு. இறந்துபோன எங்கள் வீட்டுக்காரப் பெரியவரே அப்போது வந்து, "நீ ஒண்ணும் பண்ணாதம்மா, நானே பண்ணிக்கிறேன்" என்றார். அதற்கும் வீட்டு உரிமைக்கும் சம்பந்தமில்லை என்று அமைச்சரே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கரண்ட் பில்லை நான் கட்டினாலும் ரசீது உங்கள் பெயரில்தான் வரும். குறுஞ்செய்தி என் எண்ணுக்கு வருவதால் உங்கள் பத்திரத்தில் ஒரு எழுத்தும் மாறாது.

சட்டத்தைக் காட்டி மிரட்ட இந்த மடலை எழுதவில்லை. ஆனால் தெரிந்துகொண்டதைச் சொல்லாமல் விடுவதும் சரியில்லை, ஏனென்றால் சின்னவர் என்னிடம் "இஷ்டம் இல்லன்னா காலி பண்ணுங்க" என்று சொன்ன பிறகுதான் நான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017-இல் போட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டுக்காரர் தானாகவோ வேறு ஆள் மூலமாகவோ அத்தியாவசிய வசதிகளை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது அது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு எல்லாம் அந்த வசதிகளில் அடங்கும். நிறுத்தினால் குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், விசாரணை முடியும் முன்பே இணைப்பைக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். "நான் ஒன்றும் நிறுத்தவில்லையே, கரண்ட் ஆபீஸ்காரர்கள் பிடுங்கினார்கள்" என்று நீங்கள் சொல்லலாம். எங்களிடம் காசையும் வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்டால், லைன்மேன் கையை வைத்து நீங்கள் பிடுங்கியதாகத்தான் எனக்குப் படுகிறது. அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பது அவர் முன்னால் நிற்கும்போது தெரியும்.

2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் முழுதாக 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அறிவிப்பு போவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. நடைமுறையில் அட்டையில் எழுதுவதும் போனுக்கு வரும் செய்தியுமே அறிவிப்பாகிவிடுகின்றன. அட்டை உங்கள் பீரோவில், போன் உங்கள் சட்டைப் பையில். அந்தப் பதினைந்து நாளும் எங்களுக்குத் தெரியாமலே கழிந்துபோகிறது. அதே சட்டத்தின் 43-ஆவது பிரிவு, மின் இணைப்பு கேட்கும் உரிமை உரிமையாளருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் உண்டு என்கிறது. மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் ஆட்சேபமில்லாச் சான்று தரவில்லை என்பதைக் காட்டிக் குடித்தனக்காரருக்கு அதை மறுக்கக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வாய்மொழியாகக் குடிவந்து, ஒரு முத்திரைத்தாள் ஒப்பந்தம்கூட இல்லாமல் இருக்கும் எங்களில் எத்தனை பேர் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடக்கப் போகிறோம்? பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இந்தத் தெருமுனையில் இருக்கிறது. அட்வான்ஸ் உங்கள் கையில் இருக்கிறது. அது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

வீட்டுச் சாவியைக் கொடுக்கும் அன்றைக்கே சர்வீஸ் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது மோட்டார் ஸ்விட்ச் எங்கே, குப்பை வண்டி எத்தனை மணிக்கு என்று காட்டுகிறீர்களே, அதோடு இதையும். எண் கையில் இருந்தால் பில் வந்ததா, கட்டப்பட்டதா என்று யாரையும் தொந்தரவு செய்யாமல் நாங்களே பார்த்துக்கொள்வோம். முடிந்தால் குடியிருப்பவரின் கைபேசி எண்ணையே பதிவுசெய்யுங்கள். நாங்கள் காலி செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். பயமாக இருந்தால் எண்ணை மாற்றாமலே விடுங்கள், எங்களையே நேராகக் கட்டச் சொல்லி ரசீதை மட்டும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒற்றை மீட்டர் வீடாக இருந்தால் பெரிய மீட்டரின் ரீடிங்கையும் எங்களுக்குக் காட்டுங்கள். சப் மீட்டரை மட்டும் காட்டிக் காசு வாங்குவது, தராசின் ஒரு தட்டை மட்டும் காட்டி மீன் விற்பது மாதிரி. முதுநகரில் அப்படி யாரும் விற்று நான் பார்த்ததில்லை.

கரண்ட்டுக்கு என்று நீங்கள் வாங்குகிற காசை வாடகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் மகன் காலேஜ் ஃபீஸ் கட்டுவதும், சீட்டுக்குப் போடுவதும், அண்ணன் தம்பி சண்டையில் பிணை வைப்பதும் முறையல்ல. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் ஒரு பலகாரப் பொட்டலம் கொடுத்தால் நான் அதைப் பிரிப்பேனா?

என் தங்கை புதுச்சேரியில் லாஸ்பேட்டையில் குடியிருக்கிறாள். அங்கே மாதா மாதம் பில். சின்னத் தொகை, கையோடு போய்விடுகிறது. இங்கும் மாதக் கணக்கெடுப்பு வரப்போகிறது என்று 2021 தேர்தலில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். வரட்டும். அதுவரை இரண்டு மாதப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது.

எங்கள் வீட்டுச் சங்கதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஜூன் வாடகையில் எங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு அனுப்பினேன். சின்னவர் இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் பெரியவர் சென்னையிலிருந்து போன் செய்து, "நீங்க செஞ்சது சரிம்மா" என்றார். தம்பியை மடக்குவதற்காகச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா தெரியவில்லை. இப்போது மூன்று குடித்தனமும் சேர்ந்து பில்லை நேராகவே கட்டுகிறோம். சப் மீட்டர் கணக்கை மாடித் தாத்தா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறார். மீட்டர் பெட்டியில் அழிந்துபோன எண்ணை என் வீட்டுக்காரர் சிவப்பு பெயிண்ட்டில் மறுபடி எழுதியிருக்கிறார், தெருவிலிருந்து பார்த்தாலே தெரியும் அளவுக்குப் பெரிதாக. வீட்டுச் சுவரைக் கெடுத்துவிட்டதாகச் சின்னவருக்கு அதில் ஒரு கோபம் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பாப்புலியூரில் கீழ் போர்ஷனில் இருக்கும் ஒரு குடித்தனக்காரி